ப.ஏ.வா.

டி.வி.யில் கிரிக்கெட் ஓடும்போது கூட்டத்தில் சிலர் அட்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டக்காரன் பெயரையோ அணியின் பெயரையோ எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் ஜோடித்து, கலர் கலராக எழுதி ஆட்டுவார்கள். கேமரா தங்கள் பக்கம் திரும்பாதா என்று ஆசை. என் பேரன் அதையெல்லாம் உரக்கப் படித்துச் சிரிப்பான். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அறுபதைத் தொட்ட நமக்கெல்லாம் இப்படி எழுந்து போக ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும். என் காரணத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி இன்று நடைபாதையும் விளக்குக் கம்பமும் வந்துவிட்டன. அன்று அது வெறும் ஏரி. கோடையில் தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் பாளம் பாளமாக வெடித்து, பிறகு மாட்டுக் கால் பட்டுப் பட்டு இறுகிவிடும். அந்த இடத்தில்தான் வாலிபால் கோர்ட்டு. சுண்ணாம்புக் கோடு, இரண்டு சவுக்குக் கம்பம், நடுவில் கயிற்று வலை. தண்ணீர் நின்ற பக்கத்திலிருந்து ஆகாயத்தாமரை அழுகிய வாசனை வரும். ஆவடியில் ராணுவ டாங்கி ஓட்டிப் பார்க்கிற நாட்களில் தரை லேசாக அதிரும். கோட்டிலிருந்த சுண்ணாம்புத் தூள் எழும்பி எழும்பி விழுவதை நான் குத்த வைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்தப்பா அந்தக் கோர்ட்டின் ராஜா. இருபத்து நாலு வயது. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது அப்பாதான். நிலத்தை விற்ற பிறகு அப்பா ஆவடியில் வேலைக்குப் போனார். சித்தப்பா அம்பத்தூரை ஒட்டிய பாடியில் தகடு அடிக்கிற ஒரு பட்டறையில் சேர்ந்தார். நாள் முழுக்கப் பிரஸ் மிஷின் முன்னால் நிற்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவர் எங்கள் ஊருக்குச் சொந்தம். வலைக்கு மேலே நெஞ்சு தெரிய எழும்பி அவர் அடிக்கிற அடியில் பந்து எதிர்ப்பக்க மண்ணைக் கிளப்பும்.

அணியின் முழுப்பெயர் பருத்திப்பட்டு ஏரிக்கரை வாலிபால் குழு. பனியன் முதுகில் அத்தனையும் எழுத இடம் போதாமல் ப.ஏ.வா. என்று மட்டும் சிவப்பில் எழுதியிருந்தார்கள். அந்தக் கோடை விடுமுறையின் முதல் ஞாயிறு, ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்த சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, எல்லாரும் கத்திக்கினு கீறாங்க. இன்னா கத்துறாங்கன்னே தெர்ல. நீ ஒண்ணு பண்ணு. அட்டையில பெருசா எழுதிப் புடி. நான் பாத்துக்குறேன்" என்றார்.

என் கையெழுத்து அழகாக இருப்பதால் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

மளிகைக் கடையில் பிஸ்கட் பெட்டி கேட்டு வாங்கிப் பிரித்தேன். துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தில் கஞ்சியைக் கலந்து, ஈர்க்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி எழுதினேன். வெறும் 'ப.ஏ.வா. வாழ்க' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று எழுத்தையும் ஒரு வாரம் வாயில் போட்டு மென்றேன். அடுத்த ஞாயிறு நான் தூக்கிப் பிடித்த அட்டையில் இருந்தது இது: 'பந்து ஏறினால் வானம்'. சித்தப்பா சர்வீஸ் போடப் போகுமுன் திரும்பி, உதடு அசையப் படித்து, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அன்று பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

அதன்பிறகு வாரம் ஒரு அட்டை. 'பயந்தால் ஏன் வாலாட்டுகிறாய்?' என்று ஒரு வாரம். ஊரே சிரித்தது. எதிர் அணிக்காரர்களே வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார்கள்.

பிறகு பூந்தமல்லி அணி வந்தது. பூந்தமல்லி வாலிபால் குழு, பூ.வா.கு. அவர்கள் கேப்டன் அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். தன் மகளையும் கூட்டி வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பச்சைத் தாவணியைத் தலையில் போட்டிருந்தாள். நான் அவர்கள் எழுத்தையே எடுத்து, 'பூ வாடினால் குப்பை' என்று எழுதிக் காட்டினேன். அவள் முகம் சிவந்தது. அடுத்த முறை அவர்கள் வந்தபோது அவள் கையிலும் ஒரு அட்டை. கரித்துண்டால் எழுதியது: 'பூமிக்கே வாசம் குடுப்போம்'. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. நான் எழுதியதை விட அது நன்றாக இருந்தது.

"யாரு எய்தி குடுத்தா?" என்று கேட்டேன்.

"நான்தான். ஏன், உங்க ஊர்ல மட்டும்தான் மூள கீதா?" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அவளை ஜெயிப்பதுதான் குறி. சித்தப்பா ஜெயிப்பது கூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. இதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கோடையில் வீட்டில் வேறு சில விஷயங்களும் நடந்தன. அப்போது அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்த்தேன். சித்தப்பா ரேடியோவை ஊருக்கே கேட்கும்படி வைப்பார். அம்மா வந்து குறைத்துவிட்டுப் போவாள். "தம்பிக்கு இப்போ ரொம்பத் திமிரு. நாலு வாட்டி கூப்ட்டாத்தான் ஒரு வாட்டி இன்னாங்கிது" என்று அப்பாவிடம் சொல்வாள். பட்டாபிராம் பக்கம் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா, "இன்னா சம்பளம் தம்பி?" என்று கேட்டார். சித்தப்பா, "ஆமாங்க, பஸ்லதான் வந்தோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கிண்டலுக்குச் சொன்னதாக நினைத்து அப்பா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

கோடையின் கடைசிப் போட்டி பூந்தமல்லி அணியோடு. மூன்று ஞாயிறு, மூன்று ஆட்டம். இரண்டில் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் பந்து உயரே எழும்பி எங்கள் பக்கம் நடுவில் இறங்கியது. எங்கள் கேப்டன், "வுடு! வுடு! நான் எடுக்குறேன்!" என்று கத்தினார். கரையில் நின்ற எனக்கே கேட்டது. சித்தப்பா விடவில்லை. ஓடி வந்து அவர் மேலேயே மோதினார். இருவரும் விழுந்தார்கள். பந்தும் விழுந்தது. அந்தப் புள்ளியோடு தோற்றோம்.

ஆட்டம் முடிந்து சித்தப்பா மற்றவர்களோடு போய்க்கொண்டிருந்தார். பூந்தமல்லிப் பெண் என் அருகில் நின்றிருந்தாள். என் சித்தப்பா என்று அவளுக்குக் காட்ட வேண்டும் எனக்கு. "சித்தப்பா!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. பத்தடி தூரம்தான். இரண்டாவது முறை, மூன்றாவது முறை தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவர் திரும்பாமலே நடந்து போனார்.

"உங்க சித்தப்பாவா அது? நெசமாவா?" என்று அவள் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, பெட்டியின் கடைசி அட்டையை எடுத்தேன். எங்கள் தமிழ் டீச்சர் பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரிப்பார். சட்டென்று பற்றிக்கொள்ளும் கற்பூரம், ஊதினால் பற்றும் கரித்துண்டு, எதற்கும் பற்றாத வாழைமட்டை. அந்த வாழைமட்டைக்கு முதல் எழுத்து 'வா' என்பது எனக்கு அப்போது தோன்றியது. எழுதினேன்: 'பந்தை ஏந்தாத வாழைமட்டை'. மட்டை என்ற சொல்லை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக எழுதினேன்.

அடுத்த ஞாயிறு அந்த அட்டையை நல்ல அட்டைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு போனேன். காட்டியே தீருவேன் என்ற முடிவெல்லாம் இல்லை. ஆனால் முதல் செட்டிலேயே சித்தப்பாவுக்கும் கேப்டனுக்கும் நடுவில் ஒரு பந்து யாரும் தொடாமல் விழுந்தது. கூட்டம் கூச்சல் போட்டது. நான் முன் அட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பின் அட்டையைத் தூக்கினேன்.

முதலில் என் பக்கத்தில் சிரித்தார்கள். பிறகு கரை முழுக்கச் சிரித்தது. "மட்டை! மட்டை!" என்று யாரோ ஆரம்பித்தார்கள், ஏரிக்கரையே அதைப் பிடித்துக்கொண்டது. அத்தனை கூச்சலும் சித்தப்பாவை ஒன்றும் செய்யவில்லை. முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு வழக்கம்போல என் அட்டையைத் தேடித் திரும்பினார். கட்டைவிரலை உயர்த்தத் தயாராகக் கையை எடுத்தபடியே படித்தார். உதடு மூன்று சொல்லுக்கும் அசைந்தது. கை பாதியில் நின்றது.

கோர்ட்டின் எதிர்ப்பக்கத்தில் அந்தப் பூந்தமல்லிப் பெண் தன் அட்டையைத் திருப்பி மண்ணில் கவிழ்த்து வைத்தாள். அது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

மூன்றாவது ஆட்டம் தேவைப்படவில்லை.

நம் ஊரில் மட்டை என்றால் குடித்துவிட்டு நினைவில்லாமல் விழுந்து கிடப்பவன் என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. ஆனால் ஊருக்கு அந்த அர்த்தம் தெரியும். அதனால்தான் மோதினான், அதனால்தான் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில், டீக்கடையில், "இன்னா மட்டை, ஷிப்ட் முட்ஞ்சதா?" என்று கேட்டார்கள். பாடிப் பட்டறையில் எங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் பேர் அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து நான் அடி பம்பில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்து எனக்குப் பம்பு அடித்துவிட்டார்.

"பாப்பா, எம்மேல இன்னா கோவம்?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மூணு வாட்டி கூப்ட்டேன். நீ திரும்பவே இல்ல" என்று சொன்னேன். சொன்னதும் அழுகை வந்தது. அவர் பம்பு அடிப்பதை நிறுத்தினார். பிறகு குனிந்து, என் முகத்துக்கு நேராக வந்து, "இன்னா சொன்ன?" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். நானும் அவரும் பேசிய கடைசிப் பேச்சு அது.

அந்த வாரமே பட்டறையில் மிஷினை நிறுத்தச் சொல்லிப் பின்னாலிருந்து சூப்பர்வைசர் கத்தியிருக்கிறார். சித்தப்பா நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவரின் விரல் மயிரிழையில் தப்பியது. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். செய்தி தெரிந்து அப்பா அன்று சாயங்காலம் வாசலிலேயே சித்தப்பாவை மறித்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"குட்ச்சியா? வாயத் தொற. ஊதுடா!"

சித்தப்பா தரையைப் பார்த்தபடியே நின்றார். ஊதவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. அப்பா கையை ஓங்கி அறைந்தார். அப்பா யாரையும் அடித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். சித்தப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணாத்தே..." என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திக்கொண்டார்.

பள்ளிக்கூடம் திறந்து சில நாள் ஆகியிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். பகல் மூன்று மணி. பட்டரவாக்கம் பக்கத்தில் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயில் அடித்துவிட்டது. டிரைவர் வெகுதூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். "இவ்ளோ சத்தத்துல நவுராம நிப்பானா ஒருத்தன்? போதைதான்" என்றார்கள். அப்பாவும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். "குட்ச்சிட்டுப் பூட்டான். இன்னா பண்றது." சுவரில் படம் மாட்டவில்லை. வருடத் திதி கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லாமல் போனது. நான் அதன்பிறகு அட்டை எழுதவில்லை. ஆனால் லாரியின் பின்பக்கம், கடைப் பலகை, ஆஸ்பத்திரிச் சீட்டு, எங்கே மூன்று எழுத்தைப் பார்த்தாலும் மனசு தானாக விரித்து எழுத ஆரம்பிக்கும். எழுத்து எதுவானாலும் கடைசியில் அந்த ஒரு சொல்லில்தான் போய் நிற்கும்.

ஆறு மாதம் முன்பு எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று மகள் பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் பார்த்துவிட்டு, "உள்காதுகிட்ட இருக்கற சின்ன எலும்பு இறுகிப் போயிருக்கும்மா. சில குடும்பத்துல வரும். உங்க வீட்ல சின்ன வயசுலயே யாருக்காவது காது மந்தமாச்சா? சிலருக்கு இருபது வயசுலயே ஆரம்பிச்சுடும். சத்தத்துல வேலை பாக்கறவங்களுக்கு இன்னும் மோசமாகும்" என்றார்.

"யாருமில்ல டாக்டர்" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

மகளுக்கு அங்கே வேலை இருந்ததால் திரும்பி வரும்போது நான் மட்டும் பஸ்ஸில் வந்தேன். மெட்ரோ வேலையில் ரோடெல்லாம் தடுப்பு. பருத்திப்பட்டு வந்ததும் கண்டக்டர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். மூன்று முறை கூப்பிட்டாராம். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் என் தோளைத் தொட்டு, "ஆயா, உங்கள இறங்கச் சொல்லி எவ்ளோ நேரமா கத்றாரு" என்றாள். நான் எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

ரேடியோ, பெண் வீட்டில் பஸ்ஸைச் சொன்னது, கேப்டன் கத்தியது, பம்படியில் என் முகத்துக்கு நேராகக் குனிந்தது. கரை முழுக்கக் கத்தியபோது கூட அவர் அசையாமல் நின்றார். அவருக்கு எட்டியது என் அட்டை ஒன்றுதான். அதற்காகத்தான் என்னை எழுதச் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்கு எண்பத்தைந்து வயது. கால் விழுந்துவிட்டது, காது மட்டும் இன்றும் கூர்மை. இரண்டு நாள் நான் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்துவிட்டுச் சொன்னேன்.

"அப்பா, சித்தப்பா குடிக்கல."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "தெரியும்" என்றார்.

எனக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. அவர் என் பக்கம் திரும்பி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"ஆஸ்பத்திரில துணிய வெலக்கிக் காட்னாங்க. குனிஞ்சு மோந்து பாத்தேன். ஒரு வாடையும் இல்ல."

"அப்போ ஏம்ப்பா எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்னீங்க?"

"வேற இன்னான்னு சொல்றது? அண்ணங்காரன் கைநீட்டி அடிச்சான், பையன் போயி ரயில்ல நின்னுட்டான்னு சொல்லவா? குடின்னா ஊரு நாலு நாளு பேசும், வுட்டுரும்." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான்தான் பாப்பா அவன அனுப்சது."

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என் காதைச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல அப்பாவின் கை போர்வையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"ஊதுடான்னு கேட்டனே, அது கூடவா கேக்கல?"

"குனிஞ்சுகினு நின்னாருப்பா. உங்க வாயப் பாக்கல. கேட்டிருக்காது."

"அப்போ வேணும்னு போய் நிக்கலையா அவன்?"

"இல்லப்பா. ரயில் வந்தது தெரியல."

அப்பா அழுதார். சத்தமே இல்லாமல், மார்பு மட்டும் ஏறி இறங்க அழுதார். அழுது ஓய்ந்தபின் நான், "அந்த மட்டைங்கிற பேரு என்னாலதாம்பா வந்துது. அட்டையில எழுதுனது நான்" என்றேன்.

"கொயந்த எய்துனது" என்றார். "அத்தப் படிச்ச பெரியவங்க எங்களுக்குப் புத்தி எங்க பூட்டுது?"

அவ்வளவு சுலபமாக என்னை விட்டுவிட்டார். என்னால் என்னை விட முடியவில்லை. உங்களிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பட்டரவாக்கத்தில் அந்தத் தண்டவாளம் நேராகப் போகிறது. பகல் வெளிச்சத்தில் ரயில் வெகுதூரத்திலேயே தெரியும். காது கேட்காதவனுக்குக் கண் இருக்கிறது. அவர் கண் எவ்வளவு கூர்மை என்று எனக்குத்தான் தெரியும். நாற்பதடி தூரத்திலிருந்து என் எழுத்தைப் படித்தவர். அன்று அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவிடம் நான் 'இல்லை' என்று சொன்னது எனக்குத் தெரிந்து சொன்னதில்லை. இதை அவரிடம் சொல்லப்போவதும் இல்லை.

மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கேட்கவில்லை, கட்டிலைத் தட்டி அழைத்தார்.

"தம்பிக்குத் திதி குடுக்கணும்" என்றார்.

சித்தப்பா போன நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. பள்ளிக்கூடம் திறந்திருந்தது என்பது மட்டும் தெரியும். பழைய பஞ்சாங்கம் எங்காவது கிடைக்குமா, ஐயரைக் கேட்டுக் கணக்குப் போட முடியுமா என்று யோசித்துக்கொண்டே, "எந்த நாளுன்னு விசாரிக்கணும்ப்பா" என்றேன்.

அப்பா மாதம், பட்சம், திதி மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.